சுருண்ட நுனி

சான் டியேகோவிலிருந்து தெற்கே பத்து நாள் படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், இருநூறு பவுண்டைத் தாண்டிய சூரையைப் பசு என்பார்கள். அடெலினோவுக்குப் பதினெட்டு வருஷமாகப் பசு வாய்க்கவில்லை. ஒருமுறை நூற்றெண்பத்தேழு வரை வந்தது. பள்ளிப் பேருந்துகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே முதுகு தேய்ந்த மெக்கானிக்கான அவர், தன் விடுப்பையெல்லாம் இந்தக் கடலில்தான் கொட்டினார். இப்போது வயது அறுபத்தெட்டு. கை நடுக்கம் வந்துவிட்டது. இதுதான் கடைசிப் பயணம் என்று டாக்டர் சொல்லாமலே அவருக்குத் தெரியும். படகில் யாரிடமும் மூச்சு விடவில்லை. காப்பியை மட்டும் அரைக் கோப்பையாக வாங்கிக்கொண்டார்.

பழைய ஆட்கள் தூண்டில் முள்ளைக் கட்டும் முடிச்சைத் தாங்களே போடுவார்கள். அது அங்கே ஒரு கௌரவம். புதுசாக வந்தவன்தான் படகு ஆட்களிடம் தூண்டில் நரம்பை நீட்டுவான்.

ஆறாம் நாள் காலை, படகில் வேலை செய்யும் எலியாஸ் பக்கத்தில் வந்து நின்றான். பத்து வருஷப் பழக்கம்.

“குடுங்கண்ணே, நான் கட்டுறேன். சும்மாதானே நிக்கிறேன்.”

“நீ ஜட்டி போடாத காலத்துலயே நான் முடிச்சுப் போட்டவன்டா. போய் அந்தப் புதுப் பல் டாக்டருக்குக் கட்டு. அவருக்கு ஷூ லேசே கட்டத் தெரியாது.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல” என்று சிரித்துக்கொண்டே போனான். போயிருக்கக் கூடாது.

எட்டுச் சுற்று சுற்ற வேண்டிய விரல் ஐந்தோடு நின்றுவிட்டது. அடெலினோ இழுத்துப் பார்த்தார், தாங்கியது. போதும் என்று விட்டுவிட்டார். வீம்பு என்றால் இதுதான் வீம்பு.

பத்து மணிக்கு மீன் மாட்டியது. ஒன்றேகால் மணி நேரம் அதன் பின்னாலேயே படகைச் சுற்றி நடந்தார். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் நீருக்கடியில் அது வட்டமடிக்கத் தொடங்கியது. கேப்டன் எட்டிப் பார்த்துக் கத்தினார்:

“இருநூத்தி முப்பதுக்குக் குறையாது. பசுவேதான்யா!”

மீனைக் குத்தி மேலே இழுக்க எலியாஸ் கொக்கிக் கழியை நீட்டினான். அப்போதுதான் வளைந்திருந்த தூண்டில் கோல் சட்டென்று நிமிர்ந்தது; மீன் போய்விட்டது.

அடெலினோ நரம்பைச் சுற்றி எடுத்தார். மாட்டிய மீனைச் சுறா பறித்துப் போனால் நரம்பு நைந்திருக்கும். முடிச்சு அவிழ்ந்தால்தான் நுனி பன்றிவாலாகச் சுருளும். இவர் நுனி சுருண்டிருந்தது. எலியாஸ் அதைச் சட்டென்று கைக்குள் மூடினான். அதற்குள் பக்கத்தில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள்.

“சுறாண்ணே. நாசமாப் போற சுறா.”

“ஆமா, சுறாதான். நானே பார்த்தேன்” என்றார் பல் டாக்டர்.

கேப்டனும் சுறா என்றார். யாருக்கு முடிச்சு அவிழ்ந்தாலும் படகே அதிரக் கேலி செய்கிற கூட்டம் அது. அந்தக் கேலியில் அடெலினோதான் எப்போதும் முதல் ஆள். இன்று எல்லோரும் சுறா மேலேயே பழியைப் போட்டார்கள். தன் கையைப் பற்றி இவர்களுக்கெல்லாம் முன்பே தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எலியாஸ் கேட்காமலே கோலை வாங்கி, எட்டுச் சுற்றும் சுற்றிப் புது முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“ரொம்ப நன்றிப்பா” என்றார் அடெலினோ. கோலைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். மற்றவர்களுக்கு மீன் இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருந்தது. ஊர் திரும்பும்வரை அவர் தூண்டில் போடவில்லை.