ஸ்டெல்லாவின் கட்டில்

பேய், ஆவி என்றால் சிரிக்கிற ஆள் நான். முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவன், எண்ணிப் பார்க்க முடியாத எதையும் நம்பியதில்லை. நீங்களும் இதை நம்பப் போவதில்லை, பரவாயில்லை, கேளுங்கள்.

என் ஒரே மகள் ஸ்டெல்லாவுக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. மருந்து எவ்வளவு முக்கியமோ நித்திரையும் அவ்வளவு முக்கியம், ஒரு இரவு கெட்டாலும் வலிப்பு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதினெட்டு வருடமாக என் மனைவி பிலோமினாதான் அவளை நேரத்துக்குப் படுக்க வைத்தாள். போன மார்கழியில் பிலோமினா மாரடைப்பில் போய்விட்டாள்.

சாவுக்கு வந்தவர்களின் பைகள் களவு போய்விடும் என்ற பயத்தில், ஏழு பைகளையும் ஸ்டெல்லாவின் கட்டிலில் அடுக்கி, அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இருப்பது ஒரே சாவி. சவப்பெட்டி வீட்டில் இருக்கும்வரை பக்கத்தில் விழித்திருப்பது எங்கள் வழக்கம். முதல் இரவு ஸ்டெல்லா கண்மூடவில்லை. இரண்டாவது இரவு, நாற்பது மணி நேரம் ஆனதும், "போய்ப் படும்மா" என்றேன்.

"அம்மாவைத் தனியா விட்டுட்டா? நான் இருக்கேன்ப்பா."

பன்விலவிலிருந்து வந்திருந்த மைத்துனன் அருள் சிரித்தான். "மச்சான், தூக்கத்தையுமா எண்ணுவீங்க? பெத்தவ கிடக்கிறப்போ மக படுத்தா ஊரு காறித் துப்பாதா? இன்னும் ஒரு ராத்திரிதானே."

பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் எடுத்த சாவியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

காலை ஆறு பத்துக்கு, செபமாலை சொல்லிக்கொண்டே கதிரையிலிருந்து சரிந்தாள். எப்போதும் தொண்ணூறு வினாடிக்குள் நின்றுவிடும். எண்ணினேன், முந்நூறு தாண்டியும் நிற்கவில்லை. புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வேனில் கொண்டுபோனோம். கம்பளை தாண்டியதும் என் மடியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

மத்தியானம் திரும்பி வந்து, அவளுக்கு உடுப்பு எடுக்க அறையைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஏழு பைகளும் சுவரோரம் தரையில் வரிசையாக இருந்தன. கட்டிலில் சலவை விரிப்பு, அவள் நுழைந்து படுக்கத் தோதாகப் போர்வையின் ஒரு மூலை மடித்து விட்டிருந்தது. ஜன்னலுக்குக் கம்பி. சாவி என்னிடம். பதினான்கு பேரையும் கேட்டேன், யாரும் உள்ளே போகவில்லை. அருள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

தலையணையில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை. ஆனால் கால்மாட்டில், பிள்ளை கண்ணயரும்வரை பிலோமினா உட்கார்ந்திருக்கும் இடத்தில், விரிப்பு அமுங்கிக் கிடந்தது. கை வைத்தேன். சூடாக இருந்தது. நான் பிள்ளையை உள்ளே அனுப்புவேன் என்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளோ.