மைக் அக்காவின் வீட்டுக் குரல்

ரயில் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மைக் அக்கா. இருபத்தாறு வருடமாக அங்கே வண்டி வருவதும் போவதும் அவர் வாயால்தான். இரண்டு மணி நேரத் தாமதத்தைக்கூட நல்ல சேதி போலப் பதமாகச் சொல்வார். திட்ட வாயெடுத்தவன் அடங்கிப்போவான். வீட்டுக்கு வந்தால் கதையே வேறு. மூச்சுவிடாமல் பேசுவார், பாதியில் சிரிப்பார், சிரித்த வேகத்தில் சொல்ல வந்ததை மறந்துவிட்டு அதற்கும் கணவரையே திட்டுவார்.

அந்தத் தொண்டையில் ஒரு கட்டி. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் எடுத்தாக வேண்டும், எடுத்தபின் குரல் பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அளந்து பேசுகிற மனிதர். டைரி ஆப் யோசனை அவருடையது. இப்போது பேசிப் பதியலாம், பிறகு எழுதிக்கொள்ளலாம், எல்லாம் தேதிவாரியாக ஒரே இடத்தில் இருக்கும், ஃபோனில் பதிந்தால் வீட்டு டேப்லெட்டிலும் வந்துவிடும் என்றார். வெளியே சொன்னது அவ்வளவுதான். அவள் குரல் போய்விட்டால் எதைக் கேட்டுக்கொண்டு வாழ்வது என்ற பயத்தை மட்டும் சொல்லவில்லை.

ஆப் தேடுவது லேசுப்பட்ட வேலையாக இல்லை. முதல் ஆப், திறக்கும்போதெல்லாம் ஐந்து முகங்களைக் காட்டி மனநிலை எப்படி என்று விசாரித்தது. முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது என்று அக்கா அதை அன்றே அழித்துவிட்டார். இரண்டாவது பூப்போட்ட ஓரத்தோடு கொள்ளை அழகு. ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் பதியாது. ஒரு நிமிடத்தில் நான் ஆறு வண்டியை அனுப்பிவிடுவேன் என்று அக்கா அதற்கு வக்காலத்து வாங்கினார்.

இரண்டு நாள் பதிவைக் கணவர் டேப்லெட்டில் போட்டுக் கேட்டார். "கனிவான கவனத்திற்கு. இன்று காலை ஏழு பத்துக்குப் போட வேண்டிய காபி, இருபது நிமிடம் தாமதமாகப் போடப்பட்டது." அவருக்கு முகம் தொங்கிப்போனது.

"இது பிளாட்பாரத்துக் குரல். ஊரே கேட்டிருக்கு. எனக்கு நீ வீட்டுல பேசுற குரல் வேணும்," என்றார்.

அக்கா திரும்பத் திரும்ப முயன்றார். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட மோசமாக வந்தது. முதலில் சிரித்தவர் கடைசியில் அழுதுவிட்டார். "மைக்னு தெரிஞ்சாலே தொண்டை நிமிந்து உக்காந்துக்குது. நான் என்னங்க பண்ணட்டும்?"

மூன்றாவது ஆப்பை ஒப்புக்குத்தான் போட்டார்கள். வெள்ளைத் திரை, ஒரு சிவப்புப் பொட்டு, நேரக் கட்டுப்பாடு கிடையாது. அன்று மாலை டேப்லெட்டைத் திறந்த கணவர், நாற்பத்தேழு நிமிடப் பதிவைக் கண்டு திகைத்தார். முதல் அரை நிமிடம் வழக்கமான அறிவிப்பு. பிறகு ஃபோனை எங்கோ வைக்கிற சத்தம். அதற்குப் பிறகு அக்கா, நிஜ அக்கா, ஒழுகுகிற குழாயை வைதுகொண்டு, மாடி வீட்டம்மாவிடம் தன் கணவரின் குறட்டையை நடித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு விஷயம் பிடிபடச் சற்று நேரமானது. ஸ்டேஷன் மைக்கில் பொத்தானை அழுத்திக்கொண்டே பேச வேண்டும், விரலை எடுத்தால் மைக் செத்துவிடும். இந்த ஆப்பிலோ நிறுத்த மறுபடி தொட வேண்டும். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் அக்கா பேசி முடித்ததும் விரலை எடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்.

கணவர் இதைப் பற்றி அக்காவிடம் மூச்சுவிடவில்லை. பூப்போட்டதற்கே திரும்பலாம் என்று அக்கா சொன்னபோது, வெள்ளைதான் கண்ணுக்கு நல்லது, கண்ணாடிக்காரன் சொல்கிறேன் என்று அடித்துப் பேசினார். கல்யாணமான நாளாக அவர் எதற்கும் இப்படி வாதாடியதில்லை. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பிறகு தினமும் மாலையில் அவர் ஹெட்ஃபோனும் கையுமாக உட்கார்ந்தார். திருடுகிறோமே என்று உறுத்தியது. உறுத்தலோடுதான் கேட்டார், ஒரு நாளையும் விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன காலை, படுக்கையில் உட்கார்ந்தபடி அக்கா பொட்டை அழுத்தினார். "எட்டு மணிக்குச் செல்ல வேண்டிய நான், குறித்த நேரத்தில் செல்கிறேன்." விரலை எடுத்தார். ஃபோனை இருவருக்கும் நடுவில் வைத்தார். பொட்டு மின்னிக்கொண்டிருந்தது. கணவர் அதைப் பார்க்காதவர்போல ஜன்னலைப் பார்த்தார்.

"பயமா இருக்குங்க," என்றார் அக்கா. கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதத்துக்கும் சேர்த்து அக்கா உத்தரவு போட்டார்: வேளைக்குச் சாப்பிட வேண்டும், ஈரத் துண்டைக் கட்டிலில் போடக் கூடாது, தன்னால் திட்ட முடியாது என்று துள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் கணவர் தலையாட்டினார்.

"அப்புறம், அது ஓடிட்டே இருக்கறது எனக்கு அஞ்சு நாளா தெரியும்," என்றார் அக்கா.

அந்த ஐந்து நாளையும் கணவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார். அறிவிப்பு முடிந்த பிறகு எதிலும் பிளாட்பாரத்துக் குரல் இல்லை.

"மைக்னு தெரிஞ்சும் எப்படிப் பேசினே?"

"மைக்கை யாரு பாத்தா? சாயங்காலம் நீங்க கேப்பீங்கன்னு பேசினேன்."