முழங்காலும் மோதிர விரலும்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது மலேசியாவில் பெடாஸ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். அம்மா வேலைக்காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினார். நான் ஒரே பிள்ளை.

ஒரு நாள் பள்ளி விட்டு வரும் வழியில், பக்கத்து லயத்துப் பெண்ணின் சைக்கிளைக் கெஞ்சி வாங்கி ஓட்டினேன். தோட்டத்து எண்ணெய் ஆலைக்குப் போகும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. செம்மண் சாலையில் சறுக்கி விழுந்ததில் இடது முழங்கால் உரிந்துவிட்டது. சின்னச் சின்னக் கற்கள் சதையில் ஒட்டியிருந்தன. சைக்கிள்காரி ஓடிவந்து முதலில் சைக்கிளைத்தான் தூக்கினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் இவளிடம் அழுது என்ன ஆகப்போகிறது? அழுவதென்றால் அம்மாவிடம் அழவேண்டும். வாயை இறுக மூடிக்கொண்டு நொண்டியபடி வீட்டுக்குப் போனேன்.

வீடு பூட்டியிருந்தது. அம்மா வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். காற்றுப் பட்டு ரத்தம் காய ஆரம்பித்தது. வலியும் குறைந்துகொண்டே வந்தது. அதுதான் எனக்குக் கவலையாகிவிட்டது. அம்மா வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டால் என்ன செய்வது? சாலையின் வளைவில் அவருடைய தலைத்துணி தெரிந்ததும் காய்ந்திருந்த ரத்தத்தை நகத்தால் கிளறிவிட்டேன். மறுபடியும் கசிந்தது. உடனே ஓவென்று அழுதேன்.

"எங்கடி விழுந்த?"

"ஆலை இறக்கத்துல."

"எப்ப?"

"இப்பத்தான்."

அம்மா என் காலைப் பார்த்தார். முழங்காலிலிருந்து வழிந்த கோடு கணுக்கால்வரை கறுத்துக் காய்ந்திருந்தது. வெள்ளைக் காலுறை விறைத்துப்போயிருந்தது. அவருக்குப் புரிந்திருக்கும். பழக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, என்னைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினார். மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் மஞ்சள் மருந்து போட்டுக் கட்டினார். மூன்று நாள் நான் காலை மடக்கவே இல்லை. வகுப்பில் கட்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பெஞ்சுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தேன்.

அதே வருஷமாகத்தான் இருக்கவேண்டும், அம்மாவின் உள்ளங்கையில் செம்பனை முள் ஏறியிருந்தது. தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் கையைக் காட்டி அவரே தோண்டி எடுத்தார். முள் பாதி ஊசி நீளம் இருந்தது. கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"வலிக்கலையாம்மா?" என்றேன்.

"வலிக்குது. அந்த வெங்காயத்த எடு."

இடைநிலைப்பள்ளிக்கு பஸ்ஸில் போய்வந்த காலத்தில் நானும் மாறிப்போயிருந்தேன். ஒரு மழை நாளில் பஸ் படிக்கட்டில் வழுக்கி, முகவாய் கம்பியில் இடித்தது. விழுந்த வேகத்திலேயே தலையைத் தூக்கி யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தேன். பின்னால் நின்ற பெரிய வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஒன்னும் இல்ல லா, ஒன்னும் இல்ல" என்றேன். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கடைவாய்ப் பல் ஒன்றின் மூலை உடைந்திருந்தது. நான்கு நாள் கழித்து, ஐஸ் தண்ணீரை வேண்டாம் என்று ஒதுக்கியபோதுதான் அம்மா கண்டுபிடித்தார்.

இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. நீலாயில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எங்கள் பிரிவில் யாருக்கு எந்தச் சிராய்ப்பு ஏற்பட்டாலும் ஒரு படிவம் நிரப்பவேண்டும். எப்போது, எங்கே, எதனால், இனி நடக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும். பல வருஷம் நிரப்பியதில், ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு அந்தக் கட்டங்கள்தான் முதலில் ஞாபகம் வரும். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி விரலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "கையுறை போட்டிருந்தியா?" என்று கேட்டேன். "போட்டிருந்தேன்கா" என்றவள் அழுதுவிட்டாள். கேள்வி தவறானதல்ல. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அப்பா இறந்தபிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. முன்பெல்லாம் முள்ளைத் தானே தோண்டி எடுத்தவர், இப்போது மேசை முனையில் இடித்துக்கொண்டால்கூட வந்து காட்டுவார். "பாரு, எப்படி நீலமா போச்சி." சித்திக்கு போன் செய்து சொல்வார். பக்கத்து வீட்டுச் சீன அம்மாளிடம் மலாயில் சொல்வார். நான் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தைலம் தேச்சியாம்மா?" என்பேன்.

போன வருஷம் அவரைக் கண் பரிசோதனைக்காக சிரம்பானுக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. அவரைக் காரின் முன் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, கைத்தடியைப் பின் இருக்கையில் வைக்கக் குனிந்தேன். இடது கை இரண்டு கதவுக்கும் நடுவிலிருந்த தூணைப் பிடித்திருந்தது. அம்மா தன் பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்தினார். மோதிர விரல் உள்ளே மாட்டிக்கொண்டது.

வலது கையால் கதவைத் திறந்து விரலை எடுத்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியவை இவைதான்: பத்தரை மணிக்குப் போய்ச் சேரவேண்டும், பார்க்கிங் கிடைக்காது, விரல் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றவேண்டும். கழற்றிக் கைப்பையில் போட்டேன்.

"ஏன் கதவ தொறந்த?" என்றார் அம்மா.

"சரியா சாத்தல."

அரை மணி நேரம் ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் விரலைக் கைப்பைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பரிசோதனை முடிந்து கேன்டீனில் உட்கார்ந்தபோது, தண்ணீர் பாட்டில் மூடியை என்னால் திருக முடியவில்லை. அம்மா பார்த்துவிட்டார். நகம் முழுக்கக் கறுத்திருந்தது.

"கை என்னாச்சி?"

"கதவுல மாட்டிக்கிச்சி."

"எந்தக் கதவுல?"

பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் தொடாமல் என் நகத்தையே பார்த்தார்.

"நானா சாத்துனேன்?"

அதன்பின் அம்மா அழுதது கேன்டீன் முழுக்கக் கேட்டது. "ஐயோன்னுகூட ஒரு வார்த்த சொல்லலயேடி. பக்கத்துலதான உக்காந்திருந்தேன்." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அடிபட்டவள் நான், சமாதானம் சொல்லவேண்டியவளும் நானா? "சத்தம் போடாதம்மா, ஒன்னும் இல்ல" என்றேன். அவர் என் மறு கையைப் பிடித்து எழுப்பி அவசரப் பிரிவுக்கு இழுத்துப் போனார். எழுபது வயதுக்காரர் கைத்தடியை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தார்.

அங்கே ஓர் இளம் டாக்டர், வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மூன்று என்றேன். அவர் விரல் நுனியை லேசாகத் தொட்டதும் கை தானாகவே பின்னால் போனது. நான் சொன்னதை விட்டுவிட்டு வேறு ஏதோ எழுதிக்கொண்டார். படம் எடுத்ததில் நுனி எலும்பில் முறிவு இருந்தது. ஆறு வாரம் கட்டு. நகம் விழுந்து, புதிதாக முளைத்தது கொஞ்சம் கோணலாக வளர்ந்திருக்கிறது.

அன்றிலிருந்து அம்மா கார்க் கதவைத் தொடுவதில்லை. ஏறி உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் வந்து சாத்தும்வரை காத்திருக்கிறார். மழை நேரத்தில் இது பெரிய தொல்லை. சொல்லிப் பார்த்தேன், கேட்பதில்லை.

நானும் ஒன்றைப் பழகிக்கொள்ளப் பார்க்கிறேன். போன வாரம் மீன் பொரிக்கும்போது எண்ணெய் மணிக்கட்டில் தெறித்தது. வழக்கம்போல் சத்தமில்லாமல் குழாயில் கையைக் காட்டினேன். பிறகு, சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"சுட்டுக்கிட்டேம்மா."

கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "எங்க, காட்டு" என்று கையை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பு ஒரு பட்டாணி அளவுகூட இல்லை. மீன் கருக ஆரம்பித்த வாசனை வந்தது. அடுப்பை எட்டி அணைத்துவிட்டு, அவர் பார்த்து முடிக்கும்வரை நின்றேன்.