கடைசி ஆள் போடும் உப்பு

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே நடந்து போய்விடலாமா என்று கால் பரபரக்கும். அப்படிப்பட்டவளை ஒடுகத்தூரிலிருந்து கொண்டுபோய் ஜவ்வாது மலையில், சமையல் எப்போது முடியும் என்று யாருக்குமே தெரியாத ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள்.

வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், அண்ணி என்று நான்கு பேர். நான் அந்த அண்ணியை அக்கா என்றும், மூத்தவரான அண்ணனை மாமா என்றும் கூப்பிடுவேன். அவர்கள் வழக்கம் இதுதான். முதலில் வீடு திரும்புகிறவர் அடுப்பைப் பற்றவைத்துக் குழம்புச் சட்டியில் தண்ணீர் வைக்க வேண்டும். அடுத்து வருபவர் வழியில் கிடைத்ததைப் போடுவார். பூசணிக் கொழுந்தோ, கீரையோ, ஒன்றும் கிடைக்காவிட்டால் மூலைப் பானையிலிருக்கும் காராமணியோ. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. உப்பை மட்டும் ஒருவரும் தொடமாட்டார்கள். கடைசியாக வருபவர்தான் கைகால் கழுவிக்கொண்டு வந்து உப்புப் போடுவார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

எங்கள் அம்மா வீட்டில் எல்லாம் அளவுதான். பருப்புக்கு ஒரு டம்ளர், புளிக்கு எலுமிச்சை அளவு, உப்புக்கு ஸ்பூனில் தலைதட்டி. சீர் சாமானோடு ஒரு ஸ்பூன் செட்டும் கொண்டுவந்திருந்தேன். முதல் வாரமே, சப்பென்று கொதித்துக்கொண்டிருந்த குழம்பைப் பார்க்கப் பொறுக்காமல், இரண்டு ஸ்பூன் உப்பைப் போட்டுவிட்டேன். நல்லது செய்கிற நினைப்பு. யாரிடமும் சொல்லவும் இல்லை. கடைசியாக வந்த மூத்தவர் வழக்கம்போலத் தன் கையால் அள்ளிப் போட்டார். அன்று நான்கு பேரும் கேழ்வரகுக் களியை வெறும் தண்ணீரோடு விழுங்கினோம்.

"இன்னாம்மா, மூட்டையவே கவுத்துட்டியா?" என்று அக்கா சிரித்தார். கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

நாலாவது மாதம் வெடித்துவிட்டேன். "எனக்குத் தனியா கேஸ் அடுப்பு வேணும். என் அளவு, என் நேரம், என் உப்பு. இல்லன்னா சொல்லிடுங்க, எங்கம்மா வூட்டுக்குப் போய்டறேன்."  மறுநாள் காலையிலேயே இவர் அடுப்பு வாங்க ஷேர் ஜீப்பில் ஒடுகத்தூருக்கு இறங்கினார். "நாலு மணிக்கெல்லாம் வந்துடறேன்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மதியமே மழை பிடித்துக்கொண்டது. நாலு மணி ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. போனில் டவர் இல்லை. கீழேயிருந்து நனைந்துகொண்டே வந்த ஒருவர், பாதையில் மண் சரிந்துவிட்டது, ஜீப்பெல்லாம் நடுவழியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.  அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தேன். நான் அடம்பிடிக்காமல் இருந்திருந்தால் அவர் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பார்.

"சும்மா இப்பிடியும் அப்பிடியும் நடந்துகினு இருந்தா வந்துடுவானா? கைக்கு வேல குடு" என்றார் அக்கா. அவர் வைத்த தண்ணீரும் மூத்தவர் கொண்டுவந்த பூசணிப் பிஞ்சும் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தன.

ஒரு கை காராமணி போட்டேன். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்து நாலு பலாக்கொட்டையைத் தட்டிப் போட்டேன். மறுபடி வாசல். குழம்பு சுண்டியது, தண்ணீர் விட்டேன். தண்ணீர் அதிகமானது, ஒரு பிடி சாமையைத் தூவினேன். புளியைக் கரைத்து ஊற்றினேன். வாசனை பச்சையாகவே இருந்ததால், மிளகாயை நெருப்பில் சுட்டுக் கிள்ளிப் போட்டேன். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஸ்பூன் செட் எங்கே கிடக்கிறது என்ற நினைவே இல்லை. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பே இல்லாமல் அவ்வளவு நன்றாக இருந்தது. அட, என்று வாய் விட்டே சொல்லிவிட்டேன். உடனே வெட்கமாகவும் போயிற்று. புருஷன் என்ன ஆனாரோ தெரியவில்லை, இவளுக்கு ருசி கேட்கிறது.

விளக்குப் போட்டாயிற்று. மூத்தவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். காலையிலிருந்து காட்டு வேலை செய்த மனுஷன். "உப்பப் போட்டு மாமாவுக்கு மட்டும் குடுத்துடலாமாக்கா? பசிச்சிருக்கும்" என்றேன்.

"போடாத!" என்று அக்கா கத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "அவன் வரட்டும். அவன்தான் போடணும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நேரமும் அவருக்கும் பயம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உப்பு டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அதற்கப்புறம் எத்தனை முறை வாசலுக்குப் போனேனோ. கடைசியில் நாய் குரைத்தது. முழங்கால் வரை சேற்றோடு, தலையில் ஒரு யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இவர் வந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை.

"அடுப்ப வழியில ஒரு கடையில வெச்சுட்டு நடந்தே வந்துட்டேன். காலைல போய் எட்தாந்துடறேன். கோவிச்சுக்காத" என்றார்.

"அடுப்பு யாருக்குய்யா வேணும்!" என்று கத்தினேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. அக்கா என்னைத் தள்ளிவிட்டு அவர் கையில் தண்ணீர் ஊற்றினார்.

இவர் நேராக அடுப்படிக்கு வந்து உப்பை அள்ளிப் போட்டார். குளிரில் விரல் விறைத்துப்போய் அளவு தெரியவில்லை போலிருக்கிறது. குழம்பு கரித்தது. மூத்தவர் முகத்தைச் சுளித்தார், அக்கா என்னைப் பார்த்தார். நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.