பதினோராம் எண் டேப்

மணிமங்கலத்து கங்கா டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு நடத்துகிறார். எந்தப் பக்கத்தில் எந்தக் கணக்கு என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடுவார். ஸ்கூட்டரில் வரும்போது கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து யாராவது "மிஸ்!" என்று கத்துவார்கள். அவரிடம் படித்தவர்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன ஜூலையில் ஒரு கம்பெனி பள்ளிக்குத் தொட்டுத் தொட்டுப் பாடம் பார்க்கும் இருபது டேப் கொடுத்தது.

"உங்க ஏழாங்கிளாஸ்ல மொதல்ல ட்ரை பண்ணிப் பாருங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர் பலராமன். "நல்லா வந்துச்சின்னா மத்த கிளாஸுக்கும் குடுக்கலாம்."

கங்கா ஒவ்வொன்றின் பின்னாலும் எண் ஒட்டி, பிள்ளைக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார். முதல் வகுப்பு பின்னம். படத்தைப் பெரிதாக்கப் போனார். அது தலைகீழாகத் திரும்பியது. மறுபடி தொட்டார், பாடமே காணாமல் போனது. வகுப்பு சிரித்தது. முன் பெஞ்சு கவியா எழுந்து வந்து, "இத அமுத்தணும் மிஸ்" என்று ஒரே தொடலில் சரிசெய்தாள்.

"தெரியும். போய் உக்காரு" என்றார் கங்கா. அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு சாப்பாட்டு வேளையில், எல்லோரும் வெளியே போனதும், கையில் கிடைக்கும் டேப்பை எடுத்துத் தனியாகப் பழகினார். ஒருநாள் அப்படிப் பழகிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. கையிலிருந்ததை அவசரமாக பீரோவில் செருகி, கதவை முழங்காலால் தள்ளினார். 'நறுக்'கென்றது. டேப் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. திரையின் நடுவில் கோடு கோடாக விரிசல். பின்னால் பதினொன்று என்ற எண். கவியாவுடையது.

மற்ற டேப்களுக்கு அடியில் அதை வைத்துவிட்டு, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் கவியாதான் முதலில் பார்த்தாள். "மிஸ், உடைஞ்சிருக்கு!" பலராமன் வந்தார். "இது யாரு நம்பரு? நேத்து யாரு கையில இருந்துச்சி?"

"என்துதான் சார். ஆனா நான் உடைக்கல சார்."

கவியா கங்காவைப் பார்த்தாள். கங்கா கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார்.

அடுத்த நாள் காலை கவியாவின் அம்மா செல்வலட்சுமி இரவு ஷிப்ட் முடித்து, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்தாள். நாங்குநேரிப் பக்கத்துக்காரி, ஒரு செல்போன் கம்பெனியில் பாகங்களைப் பொருத்தும் லைனில் நிற்கிறாள். டேப்பை வாங்கி ஓரங்களைக் கட்டைவிரலால் தடவினாள்.

"கீழ போட்டிருந்தா மூலையில அடிபட்டிருக்கும் சார். மூலை நல்லா இருக்கு. நடுவுலதான் எதோ நெருக்கிருக்கு. நாங்க லைன்ல தெனமும் பாக்கோம்லா."

"அதெல்லாம் யாரும்மா கேட்டா? பொண்ணு கையில இருந்துச்சி. தவறுதலா உடைஞ்சிதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

கங்கா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். செல்வலட்சுமி பேனாவை வாங்கியபோது புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். செல்வலட்சுமி தூக்கக் கண்களோடு கையெழுத்துப் போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை கங்கா பலராமனிடம் உண்மையைச் சொன்னார். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"இன்னா டீச்சர் நீங்க... சரி, லெட்டர் ஃபைலுக்குப் போயாச்சி. வுட்ருங்க. வெளிய தெரிஞ்சா ஸ்கூலுக்கும் அசிங்கம், உங்களுக்கும் அசிங்கம்."

அதைக் கேட்டதும் மனசு லேசானது. லேசானதே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கூசியது.

திங்கட்கிழமை டேப்களைக் கொடுத்தபோது கவியா கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "எனக்கு வேணாம் மிஸ். நான் பக்கத்துல பாத்துக்கறேன்."

கங்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். "அத உடைச்சது நான்தான். பீரோ கதவுல நசுங்கிடுச்சி. சார் கேட்டப்ப பயந்துகினு சொல்லல. கவியா மேல எந்தத் தப்பும் இல்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சாயங்காலம் கவியாவின் வீட்டுக்குப் போனார். வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் கடைசி அறை. செல்வலட்சுமி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டுவிட்டு, "அன்னைக்கு நீங்க அங்கனதான நின்னீங்க டீச்சர்?" என்றாள்.

"ஆமா."

"அவ செய்யலன்னு எனக்குத் தெரியும். டேப்பப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு. இருந்தும் பஸ் ஸ்டாப்புல வச்சு அவள அடிச்சேன். அத்தன பேரு பாக்க." தலைவாரிக்கொண்டே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொல்லிட்டீங்க. நான் அவகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல."

பஸ் ஹாரன் கேட்டதும் செல்வலட்சுமி பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் கங்கா அந்தக் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுக்கச்சொல்லி, தன் கையெழுத்தில் வேறொன்று எழுதிக் கொடுத்தார். டேப் பாடம் இப்போது எட்டாம் வகுப்புக்கும் நடக்கிறது. தெரியாததை கங்கா பிள்ளைகளிடமே கேட்டுக்கொள்கிறார். கவியாவைக் கூப்பிட்டால் வந்து சொல்லித்தருகிறாள், மரியாதையாகவே பேசுகிறாள். கூப்பிடாமல் மட்டும் எழுந்து வருவதில்லை.