நுன்சியாத்தா தன் வீட்டுக்கு அடியில் தோண்டியது

பேய்ன்ஹாம் தெருவில் கடப்பாரையை நுன்சியாத்தா மாதிரிப் பிடிக்கிற பொம்பளை கிடையாது. ஆம்பளையும் கிடையாது, ஆனால் அதை எந்த ஆம்பளையும் ஒப்புக்கொண்டதில்லை.

கலாப்ரியாவிலிருந்து பத்தொன்பது வயதில் அடிலெய்டுக்குக் கப்பலேறி வந்தவள். பகலில் பழ டப்பா ஃபாக்டரியில் பீச் பழத்துக்குக் கொட்டை எடுப்பாள். சாயங்காலம் தன் வீட்டுக்கு அடியில் மண் எடுப்பாள். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவள் கட்சி: மேலே இருப்பது நசுங்காமல் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர வேண்டும்.

அந்தக் கல்வீட்டின் கீழே ஏற்கெனவே ஒரு நிலவறை இருந்தது. இரண்டு பீப்பாய் வைத்துவிட்டால் மூன்றாவதாக ஆள் நிற்க முடியாது. அதனால் பதினோரு வருஷமாக அவளும் புருஷன் கோசிமோவும் வாங்கும் திராட்சையெல்லாம் எதிர்வீட்டில் இருக்கும் அவள் அண்ணன் சவேரியோவின் நிலவறைக்குப் போய், ஒயினாகித் திரும்பியது. ஞாயிறு சாப்பாட்டில் சவேரியோ கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “என் அறையோட குளிர்ச்சி நாக்குல தெரியுதா, தங்கச்சி?” என்பான். பதினோரு வருஷம். ஒரு ஞாயிறு தவறியதில்லை.

இந்த மார்ச்சில் சனிக்கிழமை லாரி வரும்போது திராட்சை தன் படியில்தான் இறங்கும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்துதானே ஆகவேண்டும்?

சுவருக்கு அடியில் ஒரேயடியாகப் பறித்தால் வீடு இறங்கிவிடும். அதனால் சுவரைக் கரித்துண்டால் பாகம் பாகமாகக் கோடு போட்டு, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் ஊற்றி, அது இறுகிய பிறகே நடுவில் விட்டதைத் தொட்டாள். மேல்தளத்தை, திருகினால் உயரும் ஆறு இரும்பு ஜாக்கிகள் தூண் மாதிரித் தாங்கின. சுவரில் இருந்த பழைய விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையைச் சாந்து வைத்து ஒட்டியிருந்தாள். கண்ணாடி முழுசாக இருந்தால் வீடு அசையவில்லை. உடைந்தால் ஓடு.

வியாழக்கிழமை கடைசிக் குழிக்கும் கான்கிரீட் ஊற்றியாயிற்று. நடு அறையில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். எந்தப் பக்கமும் சுவர் தட்டவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு சுற்று ஆடினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கிப் பார்த்தால், கண்ணாடி இரண்டு துண்டு.

ஓடவில்லை. ஜாக்கிகளை எண்ணினாள். ஐந்து.

“கோசிமோ! ஜாக்கி எங்கய்யா?”

மேலே புருஷன் குரல் நிதானமாக வந்தது. “எந்த ஜாக்கி?”

“வீட்டைத் தாங்குற ஜாக்கி!”

“ஓ, அதுவா? கொல்லையில திராட்சைப் பந்தல் சாஞ்சுபோச்சு. கொத்தெல்லாம் மண்ணுல படுது. அஞ்சு போதும்னு நெனச்சேன்.”

“கொடிக்காக வீட்டைச் சாய்ப்பியா?”

“வீடு பாங்க்கோடது. கொடி என்னோடது.”

அவள் கொல்லைக்கு ஓடினாள். பந்தலுக்கு நடுவில் ஜாக்கி கம்பீரமாக நின்றது. அதே நேரம் பார்த்து சவேரியோ கேட்டைத் திறந்து வந்தான்.

“என்ன தங்கச்சி, நாளைக்கு என் அறையைப் பெருக்கி வைக்கட்டுமா?”

“அண்ணே, கையைத் தூக்கு.”

“எதுக்கு?”

“தூக்குன்னா தூக்கு!”

தூக்கினான். பின்னாலேயே வந்த கோசிமோ ஜாக்கியை உருவ, பந்தல் மொத்தமும் சவேரியோவின் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

“அடிப்பாவி! எவ்வளவு நேரம்டி?”

“வீடு நிக்கிற வரைக்கும்!”

புருஷனும் பெண்டாட்டியும் ஜாக்கியோடு படி இறங்கினார்கள். உத்தரத்தின் கீழ் நிறுத்தி அவள் திருகைச் சுற்றினாள். உத்தரம் முனகி அடங்கியது. விரிசலில் புதுக் கண்ணாடி வைத்துப் பூசினாள்.

“கொத்து வாய்ல இடிக்குது!” மேலிருந்து கத்தல்.

“தின்னுக்கோ, அண்ணே!”

பிறகு கத்தரிக்கோலோடு போய்ப் பாரம் குறையக் கொத்துகளை அறுக்க ஆரம்பித்தாள். சவேரியோ வாயில் இடித்த கொத்திலிருந்து ஒரு பழத்தைக் கடித்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

“விரிசல் பெருசா?”

“நூலளவு.”

“அறை போனா போகுது. நீ உள்ள நிக்கும்போது...” மீதியைச் சொல்லாமல் வாயில் இருந்ததை மென்றான். “புளிப்பு. திராட்சையா இது?”

விடியும்வரை கண்ணாடி நின்றால் திராட்சை உள்ளே, உடைந்தால் எதிர்வீடு. தீர்ப்பு அவளே சொன்னதுதான்.

காலையில் விளக்கோடு இறங்கி, கண்ணாடியின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை விரலை ஓட்டினாள். எங்கும் தட்டவில்லை. திரும்ப ஒருமுறை ஓட்டினாள்.

“முழுசு! கோசிமோ, முழுசு!”

அதற்குள் வெளியே ஹாரன். ஒற்றைச் செருப்போடு தெருவுக்கு ஓடினாள். லாரிக்காரர் பழக்கத்தில் சவேரியோ வாசலில் முதல் பெட்டியை இறக்கிவிட்டிருந்தார்.

“ஏத்துய்யா! திரும்ப லாரில ஏத்து! என் வாசலுக்கு வா!”

“பத்தடிதானேம்மா, தூக்கிட்டே போயிரலாம்.”

“முடியாது. லாரி என் வாசல்ல நிக்கணும். தெரு பாக்கணும்.”

அந்தக் குறுகல் தெருவில் லாரி முன்னே போய், பின்னே வந்து, உறுமித் திரும்பியது. நடுத்தெருவில் நின்று, பந்தல் தாங்கிய கையைத் தூக்க முடியாமல் தாடையை ஆட்டி ஆட்டி அதற்கு வழி காட்டிக்கொண்டிருந்தான் சவேரியோ.

“வா... வா... இன்னும் வா. என் தங்கச்சி வாசல் அதுதான்.”