நாலு கிலோவில் கசிந்த பாய்லர்

பரளச்சியில் உக்கிரபாண்டி என்று கேட்டால், போர் மோட்டார் தூக்குகிறவர் வீட்டைக் காட்டுவார்கள். வயது நாற்பத்தெட்டு. அறுநூறு, எழுநூறு அடி ஆழத்தில் கெட்டுக் கிடக்கும் மோட்டாரைக் குழாய் குழாயாகக் கழற்றி மேலே ஏற்றி, பழுது பார்த்து, மறுபடி இறக்குவது தொழில். திருச்சுழிப் பக்கம் தண்ணீர் கீழே போகப் போக அவருக்கு வேலை கூடும். வீட்டுக்கு வந்தால் தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார். எங்களுக்கு எதிர்வீடு என்பதால் எனக்குத் தெரியும்.

அவ்வளவு அசதியிலும் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு அரத்தை எடுத்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு வருடமாக ஒரு சின்ன நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தார். யாரும் கேட்டுச் செய்தது இல்லை. அதனால் ஒரு பயனும் இல்லை. எதற்கு இது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்:

"மோட்டாரு ஓடலேன்னா ஊரே போன் போட்டுத் திட்டுது. இது ஓடலேன்னா யாரும் திட்ட மாட்டாக."

அது முழுக்க உண்மை இல்லை. திட்டுவதற்கு அவர் மனைவி முருகலட்சுமி இருந்தார். எஞ்சினுக்கு பாய்லர் செய்யச் செம்புத் தகடு வேண்டியிருந்தது. முருகலட்சுமி தன் கல்யாணச் சீரில் வந்த செம்புத் தவலையைக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டார். சென்னையில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இருக்கும் அவர் தம்பி தங்கபாண்டி அடுத்த தடவை ஊருக்கு வரும்போது எஞ்சின் புகை விட்டு ஓட வேண்டும். "ஒன் புருசன் தவலைய வெட்டி தகர டப்பா செய்யிறாரு" என்று தம்பி போனில் சிரித்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

செம்பு வேலையைப் பற்றி நான் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும். செம்பை இரும்பு மாதிரி நினைக்கக் கூடாது. ஏர்க் கொழுவைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும். செம்பை அதேபோல் செய்தால் இளகும். தட்டத் தட்டத்தான் செம்பு இறுகும். இறுகின பிறகும் தட்டினால் விளிம்பில் கீறல் விடும். உக்கிரபாண்டி பாய்லருக்குச் செய்த முதல் மூடியை அப்படித்தான் கெடுத்தார். இரண்டாவதை, கருவேலங்கட்டையை வட்டமாகச் செதுக்கி அதன்மேல் வைத்து, பத்துத் தட்டுக்கு ஒரு தடவை காய்ச்சிக் காய்ச்சி மடித்தார். கீறல் இல்லை.

எஞ்சின் பாகம் முன்பே முடிந்திருந்தது. அதை போன வருடமே டயருக்குக் காற்றடிக்கும் பம்பு வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டார். எங்கே உரசுகிறது, எங்கே இறுக்கம் என்பது நெருப்பு வைக்காமலே தெரிந்துவிடும். எல்லோரும் அப்படித்தான் தொடங்க வேண்டும். பாய்லர்தான் ஆபத்து. தகடுகளையும் நடுவில் போகும் புகைக்குழாயையும் வெள்ளி கலந்த கம்பியை உருக்கி ஒட்ட வேண்டும். பிரிட்ஜ் மெக்கானிக்குகள் அதை சில்வர் ராடு என்பார்கள். உருகிய கம்பி இடுக்கில் ஓடுவதற்கு வெங்காரம் தடவுவார்கள். சூடு ஆறியதும் அந்த வெங்காரம் கண்ணாடி மாதிரிக் கறுப்பாக உறைந்து நிற்கும்.

போன மாதம் பாய்லரைத் தண்ணீர் வைத்துச் சோதித்தார். செடிக்கு மருந்தடிக்கும் கால் பம்பைக் கழுவி, அதன் குழாயை பாய்லரில் மாட்டி, பக்கத்தில் அழுத்தமானி வைத்தார். ஓட்டப்போவது மூன்று கிலோ அழுத்தத்தில். அதனால் சோதனை ஆறு கிலோவில். உள்ளே காற்று துளியும் இல்லாமல் தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். தண்ணீர் என்றால் ஒட்டு விட்டுப்போனாலும் ஒழுகும், அவ்வளவுதான். காற்று இருந்தால் வெடிக்கும். முள் அரை மணி நேரம் ஆறிலேயே நின்றது. அவரும் திருப்தியாக எடுத்து வைத்துவிட்டார்.

தங்கபாண்டி வந்த சனிக்கிழமை, உக்கிரபாண்டி திருச்சுழியைத் தாண்டி ஒரு தோட்டத்தில் மோட்டார் தூக்கப் போயிருந்தார். குழாய் சிக்கிக்கொண்டதால் இரவு அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் வந்தார். தம்பிக்கு நாலு மணி பஸ்.

"வாங்க மச்சான். கையைத் தூக்க முடியுதா, இல்ல அதையும் கயிறு போட்டுத் தூக்கணுமா?" என்றார் தங்கபாண்டி.

"சோறு வாய்க்குப் போற அளவுக்குத் தூக்கலாம் மாப்ளே."

முற்றத்தில் பாய்லர் பளபளவென்று இருந்தது. முருகலட்சுமி முந்தின நாள் முழுக்கப் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்திருந்தார். உக்கிரபாண்டி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். புகைக்குழாயைச் சுற்றி இருந்த கறுப்பு இல்லை.

"இந்த மூலையில ஒட்டிக்கிட்டு இருந்தது எங்க?"

"அழுக்குத்தான? ஊசி வச்சுச் சுரண்டி எடுத்தேன். விரலே புண்ணாப்போச்சு."

அவர் சாப்பிடாமல் கால் பம்பைத் தேடினார்.

"இப்ப எதுக்கு அது? அடுப்பப் பத்த வைங்க."

"இன்னொரு தடவ பாத்துருவோம்."

"போன மாசம்தான பாத்தீக!" என்றார் முருகலட்சுமி.

"கம்பெனியிலகூட இத்தன செக்கிங் கிடையாது மச்சான். வெளக்குன சாமானுக்கெல்லாம் டெஸ்ட்டு வச்சா எங்கக்கா பத்துப் பாத்திரத்த என்னைக்குக் கழுவி முடிக்கிறது?"

உக்கிரபாண்டி பாய்லரில் தண்ணீர் நிரப்பி, குலுக்கிக் குலுக்கிக் குமிழியை வெளியேற்றினார். தங்கபாண்டி பம்பை மிதித்தார். இரண்டு கிலோ. மூன்று. நாலைத் தொட்டபோது புகைக்குழாயின் ஓரத்திலிருந்து நூல் போல ஒரு பீய்ச்சல் கிளம்பித் தங்கபாண்டியின் சட்டையில் அடித்தது.

"அடேயப்பா! ஒங்க எஞ்சினு பல்லு வெளக்கி விடுது!"

அவர் ஒருவர்தான் சிரித்தார். முருகலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான்தான் தேச்சுக் கெடுத்துட்டேன். ரெண்டு வருசம். நான் ஒரு கூறுகெட்டவ."

"நீ கெடுக்கல." உக்கிரபாண்டி பாய்லரை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். அந்த ஓரத்தில் சில்வர் ராடு ஓடவே இல்லை. போன மாதம் தண்ணீரை அடைத்து நின்றது உறைந்த வெங்காரம். "கழுவாம டெஸ்ட் பண்ணுனது நான். நீ தேய்க்கலேன்னா இன்னைக்கு நெருப்பு வச்சிருப்பேன்."

தங்கபாண்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டரை. "நாலுலதான ஒழுகுது? ரெண்டுல ஓட்டிக் காட்டுங்க. இல்லேன்னா ஓட்டைக்குப் பசை வச்சு அடைங்க. அஞ்சு நிமிசம் ஓடுனாப் போதும். எங்கக்கா மூஞ்சியப் பாருங்க."

உக்கிரபாண்டி முருகலட்சுமியின் முகத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். இரண்டு கிலோவில் ஓட்டியிருக்கலாம்தான். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

"வேணாம் மாப்ளே. தெரியிறது ஊசி அளவு. ஒட்டாம இருக்கிறது எம்புட்டு தூரம்னு தெரியாது. பசை சூட்டுக்கு நிக்காது. சுத்தி நிக்கப்போறது நாமதான்."

"காத்துலயாச்சும் ஓட்டிக் காட்டட்டா?" என்று மனைவியைக் கேட்டார்.

"காத்துல ஓடுனதத்தான் போன வருசமே பாத்தேனே. அதுக்கா தவலையக் குடுத்தேன்?" என்று முருகலட்சுமி அடுப்படிக்குள் போய்விட்டார்.

நாலு மணி பஸ்ஸுக்குத் தம்பி கிளம்பினார். "பொங்கலுக்கு வாரேன். அதுக்குள்ள ஓட்டிருவீகளா?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அக்காவுக்கு அது கேலியாகத்தான் பட்டது.

பஸ் போன பிறகு இருவரும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். எங்கே ஒழுகியது என்று முருகலட்சுமி கேட்டார். அவர் காட்டினார். மறுபடி முழு பாய்லரையும் காய்ச்ச வேண்டும். அப்போது நன்றாக இருக்கிற ஒட்டுகளும் விட்டுப்போகலாம் என்றார்.

"எம்புட்டு நாளாகும்?"

"தெரியல. நாளைக்கு ரெண்டு எடத்துல மோட்டாரு தூக்கணும்."

சோதனை முடிவை பாய்லரின் அடியிலேயே கீறி வைப்பது அவர் வழக்கம். ஒரு கூர் ஆணியை எடுத்து, தேதி போட்டு, 'நாலு கிலோ, கசிவு' என்று கீறினார்.

"அதுக்குக் கீழ எம் பேரைப் போடுங்க. கண்டுபிடிச்சது நான்தான?" என்றார் முருகலட்சுமி. முகத்தில் கோபம் இன்னும் போகவில்லை.

அவர் மறுபடி குனிந்தார். 'முரு' வரைக்கும் கீறிவிட்டு, தோள் வலிக்கிறது, மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன் என்று ஆணியைக் கீழே வைத்தார்.